ஜேசுராஜ் சாரின் கதம்பக் கூடை

சேந்தங்கரையில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன் செய்வதற்கு இரண்டே காரியங்கள் உண்டு. ஒன்று, பங்காளி மேல் வரப்புத் தகராறு வழக்குப் போட்டுவிட்டு வாய்தாவுக்கு வாய்தா மன்னார்குடிக்கு பஸ் ஏறுவது. மற்றது, ஏதாவது ஒரு கட்சியில் சேர்ந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடி ஆட்சியைக் கவிழ்ப்பது. இரண்டும் செய்யாதவனை ஊர் நம்பாது. மனுஷனுக்கு உள்ளுக்குள் ஏதோ கோளாறு என்று முடிவு கட்டிவிடும்.

ஜேசுராஜ் சாருக்கு வரப்பும் இல்லை, கட்சியும் இல்லை. அவருடைய அப்பா சவரிமுத்து, மிராசுதார் வீட்டுப் பண்ணையாள். மகன் படித்து, வாத்தியாராகி, ஊரில் பாதிப் பேருக்குக் கூட்டல் கழித்தல் சொல்லிக் கொடுத்து, கடைசியில் மாலையும் ஒரு சுவர்க்கடிகாரமும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தார். வந்தவர் சும்மா இருந்திருக்கலாம். மனைவி மரியபுஷ்பத்துக்கு உதவுகிறேன் என்று அடுப்பங்கரைக்குள் நுழைந்து, டப்பாக்களையெல்லாம் அகர வரிசையில் அடுக்கி வைத்தார். உப்பு முன்னுக்கு வந்தது, வெந்தயம் கடைசிக்குப் போனது. அன்றைக்குக் குழம்பில் உப்பு இரண்டு தரம் விழுந்தது.

"என்னங்க, உங்க கை சும்மா இருந்தா அது நேரா என் அடுப்பங்கரைக்குத்தான் வருது. இந்தாங்க, இதைப் பிடிங்க" என்று மரியபுஷ்பம் ஒரு ஒயர் கட்டைத் தூக்கி அவர் மடியில் போட்டாள்.

அந்தக் காலத்தில் பிளாஸ்டிக் ஒயர்க் கூடை பின்னாத பெண் பிள்ளை தாலுகாவிலேயே கிடையாது. மாதா கோயில் மாதர் சங்கத்தில் ஜெபமாலை பாதி, ஒயர் மீதி என்றுதான் பொழுது போகும். ஆனால் ஆம்பளை பின்னி யாரும் பார்த்ததில்லை. ஜேசுராஜ் சார் முதலில் கூச்சப்பட்டார், கதவைச் சாத்திக்கொண்டு பின்னினார். நாலு முடிச்சு போட்டதும் கூச்சம் போய்விட்டது. எட்டாவது முடிச்சில் சாப்பாடு மறந்துபோயிற்று. ஒயரை மடித்து, கோத்து, இழுத்து, 'சரக்' என்று முடிச்சு உட்காரும்போது விரல் நுனியில் ஒரு திருப்தி வந்தது பாருங்கள், முப்பத்தைந்து வருஷ சர்வீஸில் அப்படி ஒன்று அவருக்கு வந்ததே இல்லை.

முதல் கூடை ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. அடி தட்டையாக வரவில்லை, தவளை வயிறு மாதிரி உப்பியிருந்தது. அவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

"யாருக்குங்க இது?" என்றாள் மரியபுஷ்பம்.

"யாருக்கும் இல்ல. சும்மா."

சொல்லும்போதே அவருக்குச் சிலிர்த்தது. பாடம் நடத்தினது கல்வி இலாகாவுக்கு. ஓட்டுச்சாவடியில் உட்கார்ந்தது தேர்தல் கமிஷனுக்கு. மக்கள் தொகை எடுத்தது, குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஆள் பிடித்தது, எல்லாமே யாருக்கோ. வாழ்க்கையில் முதல் தடவையாக யாருக்கும் இல்லாமல் சும்மா ஒரு காரியம் செய்திருக்கிறார். அதைக் கையில் எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய்வர வேண்டும், நாலு பேர் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. போனார். ஒரு பூசணிக்காய் வாங்கிப் போட்டார். திரும்பி வருவதற்குள் கூடை அவர் முழங்காலைத் தட்டிக்கொண்டிருந்தது.

மரியபுஷ்பம் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஒயர்க் கூடைன்னா இழுவுங்க. பளுவு ஏற ஏற தொப்பை போடும். அதுக்குத்தான் முதல்லயே சின்னதாப் பின்னணும். கூடை தூக்குன யாருக்கும் தெரியுமே இது!"

கூடை இழுத்தது பெரிய விஷயமில்லை. இழுக்கக் கூடாத வேறொன்றையும் அது இழுத்துக்கொண்டு வந்துவிட்டது.

மன்னார்குடிக் கடையில் மலிவாகக் கிடைத்தது கறுப்பு ஒயரும் சிவப்பு ஒயரும். வாங்கிப் பின்னியிருந்தார். மறுநாள் காலையில் வாசலில் ஐயாவு வந்து நின்றான். உதயசூரியன் கட்சியின் கிளைச் செயலாளர். "சார், வாய்விட்டுச் சொல்லாட்டியும் கூடையால சொல்லிட்டீங்க! நம்ம வாத்தியாரு நம்ம பக்கம்தான்னு எனக்கு எப்பவோ தெரியும்" என்று கண் கலங்கக் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

ஐயாவுக்கும் சாமிதுரைக்கும் மச்சான் முறை. கட்சி இரண்டாக உடைந்தபோது மச்சான்மார் ஆளுக்கொரு பாதியை எடுத்துக்கொண்டார்கள். சாமிதுரை இரட்டை இலை. அவன் சாயங்காலம் வந்தான், வீட்டுக்குள் வராமல் வேலியோரமே நின்றான். "நீங்க யாரு பக்கமும் இருங்க சார், நாங்க கேக்கல. ஆனா நடுவுல வெள்ளையா ஒரு வரி ஓட்டியிருந்தா கை என்ன தேஞ்சா போயிருக்கும்? ஆட்சி எங்களுது. நாங்க பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஜேசுராஜ் சார் அந்தக் கூடையைப் பரண் மேல் போட்டுவிட்டு வேறு பின்னினார். முழுச் சிவப்பு. விவசாயத் தொழிலாளர் சங்கத்து வீரையன் வந்து 'தோழர்' என்று கூப்பிட்டுவிட்டுப் போனான். பச்சையில் பின்னினார். மிராசுதார் வைத்தியலிங்கம் பச்சைத் துண்டு ஒன்றைக் கொடுத்தனுப்பி, நிலவுடைமையாளர் சங்கத்துக் கூட்டத்துக்கு அழைத்தார். வெள்ளையில் பின்னினார். கடைத்தெருவில் இரண்டு பேர் யார் வீட்டில் துக்கம் என்று கேட்டார்கள். மஞ்சளில் பின்னினார். சாருக்கே மஞ்சக் கடுதாசி கொடுக்கிற நிலைமை வந்துவிட்டதா என்று ஊர் உச்சுக் கொட்டியது. நீலத்தில் பின்னியபோது பங்குச் சாமியார் மட்டும் மகிழ்ந்தார். மாதா அங்கியின் நிறமாயிற்றே என்று சொல்லி, காணிக்கை போட வசதியாக இருக்கும் என்று கோயிலுக்கே வாங்கி வைத்துக்கொண்டார்.

இப்படிப் பின்னப் பின்னப் போய்க்கொண்டே இருந்தது. பின்னுகிறவரைக்கும் பரலோகம், பின்னி முடித்து வாசலைத் தாண்டினால் சட்டசபை. கடைசியில் ஜேசுராஜ் சாருக்குக் கோபமே வந்துவிட்டது. மிச்சம் மீதிக் கிடந்த அத்தனை நிற ஒயர்களையும் எடுத்தார். ஒன்றுக்கு ஒன்று ஒட்டாமல், வரிசையும் கணக்கும் இல்லாமல், மனம் போன போக்கில் ஒரு கூடை பின்னினார். ஒரு நெல்மணி நழுவாத அளவுக்கு இறுக்கினார். அடி தட்டையாக வந்தது. நிமிர்ந்து நின்றது. பச்சையில் கைப்பிடி போட்டார், பச்சைதான் நீளமாக மிஞ்சியிருந்தது. அவர் பின்னியதிலேயே அழகான கூடை அதுதான். அதைப் பார்க்கப் பார்க்க அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"இதை மட்டும் ஒருத்தனுக்கும் விடமாட்டேன் புஷ்பம். இது என்னோடது" என்றார்.

அந்த நேரம் பார்த்துத்தான் தை பிறந்தது, சம்பா தலை சாய்ந்தது, கூலித் தகராறும் வந்தது.

தகராறு கூலி எவ்வளவு என்பதில் இல்லை. சட்டப் புத்தகத்தில் என்ன எழுதியிருந்ததோ, சேந்தங்கரைக் களத்தில் ஒரு கலம் நெல்லுக்கு இத்தனை மரக்கால் கூலி என்று ஏற்கெனவே பேசி முடித்திருந்தார்கள். எந்த மரக்கால் என்பதில்தான் சண்டை. மிராசுதார் மரக்காலின் அடியை உள்பக்கமாகத் தட்டிக் குறைத்திருக்கிறார்கள் என்றது சங்கம். சங்கத்து மரக்காலின் வயிற்றை வெளிப்பக்கமாகத் தட்டிப் பெருக்கியிருக்கிறார்கள் என்றார் மிராசுதார். இரண்டு பேர் சொன்னதும் உண்மை. சமாதானம் பேச வந்த தாசில்தார் ஜீப்பில் ஒரு அளவுப் படியைக் கொண்டுவந்தார். எதிராளி இவரை முன்கூட்டியே பார்த்துவிட்டான் என்று இரு தரப்பும் ஒரே குரலில் சொன்னது. அந்த ஊரில் இரு தரப்பும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

வயலில் கதிர் முற்றி உதிரத் தொடங்கியிருந்தது. மேற்கே மேகம் வேறு. அறுப்புக்கு ஆள் இறங்காவிட்டால் மிராசுதாருக்கு நெல் போச்சு, ஆட்களுக்குக் கூலி போச்சு. பள்ளிக்கூடத்து மரத்தடியில் கூட்டம் கூடியது. ஒருத்தருக்கும் வேண்டாதவர், ஆகவே எல்லாருக்கும் வேண்டியவர் என்ற கணக்கில் ஜேசுராஜ் சாரை நடுவராகக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் கதம்பக் கூடையோடு வந்தார். உள்ளே மூக்குக் கண்ணாடிப் பெட்டி, வெந்நீர், மரியபுஷ்பம் கட்டிக் கொடுத்த இட்லி. கூடையை வெளியில் எடுத்து வந்த முதல் நாள் அது.

மத்தியானம் வரை பேச்சு நகரவில்லை. பசியில் வெறித்துக்கொண்டிருந்த தாசில்தாரின் கண் கூடையில் போய் நின்றது. இட்லி வாசனைக்காகத்தான் பார்த்திருப்பார் என்று பிற்பாடு ஊர் சொன்னது.

"இதுல எல்லாக் கலரும் இருக்கே! இதாலேயே அளந்தா என்னய்யா?" என்றார்.

சிரிப்பார்கள் என்று ஜேசுராஜ் சார் நினைத்தார். ஒருத்தன்கூடச் சிரிக்கவில்லை. இட்லியை எடுத்து வெளியில் வைத்தார்கள். கூடையில் நெல்லைக் கொட்டி, தலை தட்டி, மிராசுதார் மரக்காலில் சாய்த்தார்கள். கொஞ்சம் வழிந்தது. சங்கத்து மரக்காலில் சாய்த்தார்கள். கொஞ்சம் குறைந்தது. சரியாக நடுவில் நிற்கிறது! தாசில்தார் தொடையைத் தட்டினார். களத்தில் வந்த நெல்லை மிராசுதார் தன் மரக்காலாலேயே அளந்து எடுத்துக்கொள்ளட்டும், கூலியை மட்டும் இந்தக் கூடையால் கொடுக்கட்டும் என்றார்.

வீரையன் யோசித்தான். "தோழர்களே, பிளாஸ்டிக் என்பது முதலாளித்துவ உற்பத்தி..." என்று ஆரம்பித்தான். அறுப்புக்கு வரும் பெண்கள் கூட்டத்துக்குத் தலைவி அம்சம் அவன் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தாள். "கூடையே இருக்கட்டும் அண்ணே. எங்களுக்குச் சம்மதம்" என்றாள். அவள் பின்னால் இருந்த பெண்கள் அத்தனை பேரும் தலையாட்டினார்கள். அவர்களில் ஒருத்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

உடனே முடிந்துவிடுமா? கைப்பிடி பச்சை. பச்சை நிலவுடைமையாளர் நிறம், பிடி அவர்கள் கையில் இருக்கலாமா என்றான் வீரையன். கூடையின் விளிம்பில், தலைவாய் வரிசையில் கறுப்பும் சிவப்பும் பக்கத்தில் பக்கத்தில் வந்திருக்கிறது, நடுவில் வெள்ளை இல்லை என்று சாமிதுரை கண்டுபிடித்தான். வெள்ளை அடியில் இருக்கிறதே, அடியில் இருப்பதுதானே தாங்குகிறது என்று ஐயாவு மச்சானைச் சமாதானப்படுத்துகிற மாதிரி குத்தினான். கடைசியில், தலைவாயை அப்படியே விட்டுவிடுவது, கைப்பிடியை எடுத்துவிடுவது என்று முடிவாயிற்று. யாரோ அரிவாளை நீட்டினார்கள். பச்சைப் பிடி இரண்டும் அறுந்து விழுந்தன. பதிலுக்குத் தேங்காய்நார்க் கயிற்றைக் கட்டினார்கள். தேங்காய்நாருக்கு இன்னும் எந்தக் கட்சியும் உரிமை கோரவில்லை.

ஜேசுராஜ் சார் குனிந்தார். அறுந்து கிடந்த பிடிகளைப் பொறுக்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். என்னுடையது என்று அவர் சொன்ன ஒரே சாமான் அது. அதுவும் போயிற்று.

புறப்படும்போது மிராசுதார் வைத்தியலிங்கம் சந்தேகமாகத் திரும்பினார். "சார், நீங்க சொன்னா நம்புறேன். இந்தக் கூடை எப்பவும் இப்படியே இருக்கும்ல?"

மரத்தடியில் அம்சம் ஜேசுராஜ் சாரைப் பார்த்தாள். வேறு யாரும் பார்க்கவில்லை.

முழங்காலைத் தட்டிய பூசணிக்காய் அவருக்கு ஞாபகம் வந்தது. அதைத் தாண்டி இன்னொன்றும் வந்தது. இந்த வைத்தியலிங்கத்தின் அப்பா களத்தில் நின்று மரக்காலை எடுப்பார், கட்டைவிரலை உள்ளே விட்டுப் பிடித்து அளப்பார். ஒவ்வொரு மரக்காலுக்கும் ஒரு கட்டைவிரல் நெல் மிச்சம். 'டேய் சவரி, பிடிடா' என்பார். ஜேசுராஜ் சாரின் அப்பா துண்டை ஏந்திக்கொண்டு அந்தக் கட்டைவிரலையே பார்ப்பார்.

"நான் இறுக்கித்தான் பின்னியிருக்கேங்க" என்றார் ஜேசுராஜ் சார். பொய் இல்லை. பத்துக் கட்டளையில் ஒன்றையும் மீறவில்லை. ஆனால் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். ஆயுளில் ஒருநாளும் ஒரு பக்கம் சேராத மனுஷன், அன்றைக்கு ஒரு கூடையின் பக்கம் சேர்ந்துவிட்டார்.

அறுப்பு தொடங்கியது. கூடையை ஒரு நாள் மிராசுதார் வீட்டிலும் மறுநாள் சங்கத்துக் கொட்டகையிலும் வைக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். ஒருத்தரை ஒருத்தர் அவ்வளவு நம்பினார்கள். கொட்டகையில் இருக்கும் நாளில், எலி இழுத்துக்கொண்டு போய்விடும் என்று சொல்லி, அம்சம் கூடையை மூங்கிலில் தொங்கவிடுவாள். காற்றில் ஆடக் கூடாது என்று உள்ளே ஒரு அம்மிக் குழவியைப் போட்டு வைப்பாள். மிராசுதார் வீட்டிலோ, அவர் மனைவி பிரகதாம்பாள், நல்ல கூடை சும்மாதானே கிடக்கிறது என்று, கொல்லையில் விழுந்த தேங்காய்களை அதில்தான் பொறுக்கிக்கொண்டு வந்து சேர்த்தாள். ஆக, வேறு எதிலும் ஒத்துப்போகாத இரண்டு தரப்பும் இதில் மட்டும் ஒற்றுமையாகப் பாடுபட்டன. தை வெயிலும் தன்னால் ஆனதைச் செய்தது.

கூடை வயிறு வைத்தது. கண்ணுக்குத் தெரியாமல்தான் வைத்தது, மாசமான பெண்ணைத் தினம் பார்க்கிற மாமியாருக்கு வித்தியாசம் தெரியாத மாதிரி. களத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த வைத்தியலிங்கம் கூடைகளை எண்ணினார், எண்ணிக்கை சரியாக இருந்தது. கூடையை அவர் பார்க்கவில்லை. பிறந்தது முதல் அவர் கையில் ஒரு பையையோ கூடையையோ தூக்கியதில்லை. தூக்க ஆள் இருந்தது.

கடைசிக் களத்தில்தான் விஷயம் வெடித்தது. கடைசிக் கூலியை அளந்துவிட்டு, விளையாட்டுக்கு ஒரு கூடை நெல்லைத் தன் மரக்காலில் கொட்டச் சொன்னார் மிராசுதார். மரக்கால் நிறைந்தது. வழிந்தது. வழிந்ததை அள்ளி இரண்டாவது மரக்காலில் போட்டால் அதுவும் கால்வாசிக்கு ஏறியது. அவர் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டுப் பெண்கள் வைக்கோல் போர்ப் பக்கம் ஓடினார்கள், சிரிக்க.

வைத்தியலிங்கம் நேரே வீட்டுக்குப் போய் மனைவியிடம் கத்தினார்.

பிரகதாம்பாள் தேங்காய் துருவிக்கொண்டே சொன்னாள்: "ஒயர்க் கூடை இழுவும்னு எனக்குத் தெரியாதா? நானும் பின்னியிருக்கேன். நீங்க ஊரையே கேட்டீங்க, என்னைக் கேக்கலியே."

அதே வேகத்தில் மிராசுதார் கூடையைத் தூக்கிக்கொண்டு ஜேசுராஜ் சாரின் வீட்டுக்கு வந்தார். தன் கையால் ஒரு கூடையைத் தூக்கிக்கொண்டு அவர் தெருவில் நடந்ததை அன்றைக்குத்தான் ஊர் பார்த்தது.

"சார், இது இழுவும்னு உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும்" என்றார் ஜேசுராஜ் சார்.

மிராசுதார் இதை எதிர்பார்க்கவில்லை. மழுப்புவார், ஏசு சாமி மேல் ஆணையிடுவார் என்று நினைத்திருந்தார். "தெரிஞ்சா ஏன் சார் சொல்லல? நடுவர் இல்லையா நீங்க?"

ஜேசுராஜ் சார் இப்போது அவரை நேராகப் பார்த்தார். "உங்கப்பா மரக்கால்ல கட்டைவிரலை உள்ள வுட்டு எங்கப்பாவுக்கு அளந்தாரு. அன்னைக்கும் களத்துல நடுவர்னு ஒருத்தர் இருந்தாருங்க. அவரும் சொல்லல."

வைத்தியலிங்கத்தின் வலது கை தானாக மடங்கி, கட்டைவிரல் உள்ளே போயிற்று. "அடுத்த வருஷம் உங்களை எவனும் நடுவுல உக்கார வெக்கமாட்டான்" என்றார்.

"புண்ணியமாப் போவும்" என்று உள்ளேயிருந்து மரியபுஷ்பம் சொன்னாள்.

கூடையை வாசலில் எறிந்துவிட்டு அவர் போனார். ஜேசுராஜ் சார் அதைக் குனிந்து எடுத்தார். தொப்பை சரிந்து, தலைவாய் கோணி, நெல் தூசியும் சேறும் குழவி மேல் ஒட்டியிருந்த மிளகாய்ச் சாந்தும் ஏறி, கறுப்பா சிவப்பா பச்சையா என்று சொல்ல முடியாமல் ஒரே மண்ணாக இருந்தது. சட்டைப் பையில் வைத்திருந்த பச்சைப் பிடிகளை எடுத்து ஒட்டுப்போடலாமா என்று பார்த்தார். பிறகு வேண்டாம் என்று கயிற்றை அப்படியே விட்டுவிட்டார்.

"குடுங்க, தேய்ச்சுக் கழுவித் தர்றேன்" என்றாள் மரியபுஷ்பம்.

"தொடாத!" என்று அலறினார்.

மறுநாள் அதைக் கையில் மாட்டிக்கொண்டு மன்னார்குடி பஸ்ஸுக்கு நின்றார். பஸ் நிறுத்தத்தில் ஐயாவும் சாமிதுரையும் ஆளுக்கொரு பக்கம் நின்றிருந்தார்கள். இரண்டு பேர் பார்வையும் கூடைக்குப் போயிற்று. ஐயாவு தலையைச் சாய்த்துப் பார்த்தான். சாமிதுரை கிட்ட வந்து, குனிந்து, நகத்தால் ஒரு ஓரத்தைச் சுரண்டிப் பார்த்தான். ஒன்றும் பிடிபடவில்லை.

"என்ன கலரு சார் இது?"

"எனக்கே தெரியலப்பா" என்றார் ஜேசுராஜ் சார், மனம் நிறைந்து.

பஸ் வந்தது. மன்னார்குடிக் கடைத்தெருவில் அவர் ஒரு பூசணிக்காய் வாங்கினார், பார்த்ததிலேயே பெரியதாக. கூடை கணுக்கால் வரைக்கும் தொங்கியது. ஊர் முழுக்க அதைத் தூக்கிக்கொண்டு நடந்தார். ஒருத்தரும் அவரைத் 'தோழர்' என்று கூப்பிடவில்லை, துண்டு கொடுக்கவில்லை, துக்கம் விசாரிக்கவில்லை. ஒயர்க் கடை வாசலில் நின்று, கண்ணில் முதலில் பட்ட கட்டு ஒன்றையும் வாங்கிப் பூசணிக்காய் மேல் போட்டுக்கொண்டார்.

வீட்டில் மரியபுஷ்பம் புது ஒயரை எடுத்துப் பார்த்தாள். "அடுத்த கூடையா? யாருக்குங்க?"

"எனக்கு" என்று சொல்லிவிட்டு, கதவைச் சாத்தாமலே உட்கார்ந்து பின்ன ஆரம்பித்தார்.